ஒருபக்கமாக உட்கார்ந்தால் ஏற்றமாட்டான்

செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். இருந்தபோது அவனை முகத்துக்கு நேராகத் திட்டினேன். இப்போதும் அவன் வீட்டு வாசலைத் தாண்டும்போது வாய்க்குள் ஒரு வார்த்தை சொல்லாமல் போவதில்லை. அவன் பெண்சாதி வெளியே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தால் தலையைத் தூக்கிப் பார்ப்பாள், மறுபடி குனிந்துகொள்வாள். எதற்குத் திட்டுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்குத்தான் தெரியாது. ஊர் அவனைச் சாமி மாதிரி பேசுகிறது. "அன்னிக்கே சொன்னான் மகராசன்" என்கிறது. அதைக் கேட்டால் நான் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டுகிறேன்.

சொன்னான். யார் இல்லை என்றது? சொன்னால் போதுமா?

அவன் எனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. அடுத்த வீடு. என்னை அக்கா என்று கூப்பிடுவான், கோபம் வந்தால் ஆயா என்பான். எனக்கும் அவனுக்கும் அப்படி ஒன்றும் பெரிய வயசு வித்தியாசம் கிடையாது. "யாருக்குடா ஆயா? உங்கப்பனுக்கா?" என்று கேட்பேன். "எங்க நைனாவுக்கு நீ ஆயாவா இருந்திருந்தா அந்தாளு சின்ன வயசுலயே சாமியாரா பூட்டிருப்பாரு" என்பான். வாய் அப்படி. அந்த வாய்தான் அவனை ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி செய்தது, அந்த வாய்தான் கெடுத்தது.

தெலுங்கு ராஜ்ஜியத்துக்குள் கிடக்கிற எங்கள் ஊருக்கும் பிச்சாட்டூர் போகிற தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு மலை. சுற்றிக்கொண்டு போனால் பஸ் உண்டு. ஆற்றுத் தரைப்பாலத்தைத் தாண்டி வரும், வராமலும் இருக்கும். நேராகப் போனால் மலைமேல் மண் ரோடு. ரோடு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் லாரியில் சரளை கொண்டுவந்து கொட்டுவார்கள். அடுத்த மழைக்கு அது ஓடைக்கு இறங்கிவிடும். மிச்சம் நிற்பது பாறையும் பள்ளமும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் சரிவு. ஆடு போகும், ஆட்டுக்குப் பின்னால் மனுஷன் போவான். ஆட்டோ அடிவாரத்திலேயே நின்றுவிடும். எத்தனை மனு கொடுத்தோம்! தாசில்தார் இருக்கிற மண்டல ஆபீசில் போய் நின்றால் கிளார்க்கு, "வஸ்துந்தி அம்மா, வஸ்துந்தி" என்பான், வரும் வரும் என்று. அவன் தலைமுடி நரைத்ததுதான் வந்தது.

அந்த ரோட்டில் அவன் தினம் மோட்டார் சைக்கிள் ஓட்டினான். மலைக்கென்று செய்த வண்டியா? இல்லை. டவுனில் ஆபீசுக்குப் போகிறவன் சட்டை கசங்காமல் ஓட்டுகிற சாதாரண வண்டி. அதற்கு இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி வைத்து, பால் கேன்களைத் தொங்கவிட்டிருப்பான். காலையில் எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும் பால் வாங்கிக்கொண்டு மலை ஏறி இறங்கி, தார் ரோட்டில் நிற்கிற பால் வேனுக்குக் கொடுப்பான். திரும்பும்போது கேன் காலி, பின்சீட்டும் காலி. ஊருக்கு வரவேண்டியவர்கள் யாராவது அடிவாரத்தில் நிற்பார்கள். ஏற்றிக்கொண்டு வருவான். காசு கேட்டதில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மலை ஏறுவதற்கு முன்னால் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவான். புஸ்ஸென்று சத்தம் வரும், குனிந்து காதை வைத்துக் கேட்பான், பாம்பாட்டி மாதிரி. "காத்து கம்மியா இருந்தா டயரு கல்ல புடிச்சிக்கும் யக்கா. நெறைய இருந்தா கல்லு நம்மள தள்ளிடும்" என்பான். இறக்கத்தில் முதல் கியரிலேயே உருட்டுவான். வலது கை விரல்களை முன் பிரேக் பக்கமே நீட்டமாட்டான், கைப்பிடியை மூடின கை மூடினபடியே இருக்கும். "முன் பிரேக்குல வெரல் வெச்சவன் பல்லுல மண்ணு." இது அவன் வேதம். ஊர்ப் பையன்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இதெல்லாம் சரி. இனிமேல்தான் விஷயம். பெண்பிள்ளைகள் வண்டியில் எப்படி உட்காருகிறோம்? புடவையைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே பக்கமாகத் தொங்கப் போட்டுக்கொண்டு. எங்கள் அம்மா மாட்டு வண்டியில் அப்படி உட்கார்ந்தாள், நாங்கள் சைக்கிளில் அப்படி உட்கார்ந்தோம், மோட்டார் சைக்கிளிலும் அப்படியேதான். அவன் அதை ஒத்துக்கொள்ளமாட்டான். மலை ரோட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்தால் ஏற்றமாட்டான். யாராக இருந்தாலும்.

"பாலு கேனு கூட ரெண்டு பக்கம் சமமா தொங்குது. நீ மட்டும் ஒரு பக்கமா தொங்கினா வண்டி எந்தப் பக்கம் போவும்? பள்ளத்துப் பக்கம்தான் போவும்."

புத்தூரிலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு டீச்சரம்மா வந்துபோனாள், தெலுங்குக்காரி. முதல் நாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். அவன் வண்டியை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பாறைமேல் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

"மேடம், அட்லா கூர்சுண்டே பண்டி கதலது." அப்படி உட்கார்ந்தால் வண்டி நகராது என்றான்.

"எந்துகு கதலது? பெட்ரோல் லேதா?" ஏன் நகராது, பெட்ரோல் இல்லையா என்று கேட்டாள்.

"பெட்ரோல் உந்தி. புத்தி கூடா உந்தி. அந்துகே கதலது."

பெட்ரோலும் இருக்கிறது, புத்தியும் இருக்கிறது, அதனால்தான் நகராது. அந்த அம்மாள் அன்றைக்கு அழுதுகொண்டே மலை ஏறினாள். அடுத்த நாள் சுடிதாரில் வந்தாள். பிறகு இரண்டு பேரும் நல்ல சிநேகம். அவள் சுடிதார் போடலாம், டீச்சர். நாங்கள்?

என்னிடம் சொன்னபோது நான் அவனை விட்டேனா? "நான் என்ன ஆம்பளையாடா? ஊரு பாக்க கால அகட்டிக்கினு குந்தறதுக்கு வேற எவளயாவது பாரு" என்றேன்.

"நடவுக்கு எறங்கும்போது முட்டி வரிக்கும் தூக்கி சொருகறியே, அப்ப ஊருக்கு கண்ணு அவிஞ்சா பூடுது?"

"அது சேறுடா."

"இது மலை."

நான் மலையை நடந்தே ஏறினேன். என் புளி மூட்டையை மட்டும் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டான், நான் தரவில்லை, அவனாக எடுத்துக்கொண்டான். மேலே போய்ச் சேரும்போது மூட்டைமேல் சாய்ந்து படுத்திருந்தான். "வந்துட்டாங்க மகாராணி. பல்லக்கு எங்க?" என்றான். செருப்பைக் கழற்றி அடித்தேன். படவில்லை. நாலைந்து தடவை அப்படி நடந்தேன். பிறகு முட்டி கேட்கவில்லை. ஒரு நாள் புடவையை நடவுக்குச் சொருகுகிற மாதிரி சொருகிக்கொண்டு, சீட்டின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு ஏறி உட்கார்ந்தேன். ஏதாவது சொல்லுவான், சொன்னால் இறங்கிவிடலாம் என்று இருந்தேன். வண்டியைக் கிளப்பினான். ஆனால் முதுகு சிரித்தது, பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது.

இதுவரைக்கும் அது ஒரு வழக்கம், அவ்வளவுதான். அது அவனுக்கு மானம் ஆனது ஊர்த் தலைவரான சர்பஞ்சின் பெண்சாதி விஷயத்தில். எங்கள் ஊர்க் கங்கையம்மன் ஜாத்திரைக்கு, தாய்வீட்டிலிருந்து திரும்பின அந்த அம்மாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அடிவாரத்தில் வந்து நின்றாள். ஒருபக்கமாகத்தான் உட்காருவேன் என்றாள். "அப்ப இங்கயே குந்துங்க, சாமி இந்தப் பக்கம் வந்தா சொல்லியனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, காலி கேன்களோடு வந்துவிட்டான். சர்பஞ்சு அன்று சாயங்காலமே ஆளனுப்பினார், இனிமேல் எங்கள் வீட்டுப் பால் உனக்குக் கிடையாது என்று. இவன் திருப்பிச் சொல்லியனுப்பினான்: "நல்லதாப் போச்சு, வண்டிக்கு பாரம் கொறையும்."

ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. டீக்கடையில், பால் ஊற்றுகிற இடத்தில், எங்கே போனாலும் அதே பேச்சு. சர்பஞ்சு பெண்சாதியையே ஏற்றாமல் வந்தவன். அவன் நெஞ்சு கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. நான் பார்த்தேன். இனிமேல் இவன் வளையமாட்டான், வளைந்தால் ஊர் சிரிக்கும் என்கிற பயம் அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சிரிக்கிற ஊர் யாரையும் காப்பாற்றாது.

அவனுக்கு ஒரே மகள். பெட்ரோல் டேங்க்மேல் உட்காரவைத்து, கைப்பிடிக்கு நடுவே பிடித்துக்கொள்ளச் சொல்லி, மலைமேலேயே வளர்த்தான். அவள் முதலில் சொன்ன வார்த்தை நைனா இல்லை, "டுர்ர்". என்னை அத்தை என்பாள். பிச்சாட்டூர் பக்கத்தில் கொடுத்தோம். மாப்பிள்ளைக்குச் சத்தியவேட்டுப் பக்கம் கம்பெனி வேலை. நல்ல பையன்தான், அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவன் அம்மாமேல் உண்டு.

வயிற்றில் ஏழாம் மாசம், வளைகாப்பு வைத்தார்கள். முதல் பிரசவம் தாய் வீட்டில். கட்டுசாதம் கட்டிக்கொண்டு போய், வளையல் போட்டு, பெண்ணை அழைத்துக்கொண்டு வருவது எங்கள் கடமை. அவன் பெண்சாதி வீட்டில் ஆரத்தியோடு காத்திருந்தாள், அத்தை முறைக்கு நான் போனேன், பெண்ணைக் கூட்டிவர அவன் வண்டியோடு வந்தான். அடைமழை விட்ட மறுநாள். ஏரி நிறைந்து ஆற்றில் தண்ணீர் விட்டிருந்தார்கள், தரைப்பாலம் முழுகிவிட்டது, பஸ் இல்லை. மலை ஒன்றுதான் வழி. சம்பந்தி வீட்டார் அடிவாரம் வரைக்கும் ஆட்டோவில் வந்தார்கள், மாப்பிள்ளை தன் மோட்டார் சைக்கிளில் வந்தான்.

பெண் இரண்டு கை நிறைய வளையலோடு, தலை நிறையப் பூவோடு நிற்கிறாள். "நான் அத்தெ கூட நடந்தே வரேன்" என்றாள் முதலில். சம்பந்தியம்மாள் விடவில்லை. வளையல் போட்ட பெண் காட்டில் நடந்தால் காத்துக் கருப்பு பிடிக்குமாம். சரி, வண்டியில் போகட்டும் என்றால் அவன் சொன்னான்:

"ரெண்டு பக்கமும் கால் போட்டு குந்து கண்ணு."

பெண் புடவையைத் தூக்கிக்கொண்டு கால் எடுக்கப் போனாள். அவளுக்கு என்ன, டேங்க்மேல் வளர்ந்தவள். சம்பந்தியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"இன்னா அநியாயம் இது! கர்ப்பவதி கால பொளந்துக்கினு குந்துவாளா? கொழந்த எறங்கிடும். எங்க வம்சத்துல இப்டி ஒருத்தியும் குந்தினது இல்ல."

"ஒரு பக்கமா குந்தினா பள்ளத்துல எறங்கிடும். அது பரவால்லியா உங்க வம்சத்துக்கு?"

வளைகாப்புப் போட்ட பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டு சொல்கிற வார்த்தையா? கூட வந்த பொம்பளைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டார்கள். சம்பந்தியம்மாள், "நாக்கா அது, தேளு கொடுக்கா?" என்று கத்தினாள். அந்த வார்த்தைக்குப் பிறகு எந்தப் பக்கமும் இறங்கிவர வழியில்லாமல் போய்விட்டது.

பெண் அவன் பக்கத்தில் போனாள். மெதுவாகத்தான் பேசினாள். நான் இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"நைனா, மெதுவா ஓட்டு. நான் கெட்டியா புடிச்சிக்கிறேன். இந்த ஒரு தடவ."

"சர்பஞ்சு பொண்டாட்டிக்கு ஒரு நாயம், எம் பொண்ணுக்கு ஒரு நாயமா? நாளைக்கு நான் ஊர்ல எப்டி தலகாட்டறது?"

எனக்கு வந்ததே கோபம். "டேய், ஊரு நாயம் பேசற நேரமாடா இது? எப்டி குந்தினாலும் பத்திரமா கொண்டுபோய் சேக்கற கை உன் கை ஒன்னுதான். ஏத்திக்கினு போ. நான் பின்னால நடந்து வரேன்."

"நீ சும்மா இரு ஆயா."

ஆயா என்றான். அப்போதே தெரிந்துகொண்டேன், இது இனிமேல் நடக்காது என்று.

மாப்பிள்ளை தன் வண்டியைக் கிளப்பிவிட்டான். புது வண்டி. பின்சீட்டு ஒட்டகத்து முதுகு மாதிரி தூக்கி நிற்கும், ஒருபக்கமாக உட்கார்ந்தால் சறுக்குமரம். "வா, நான் கூட்டிக்கினு போறேன். உங்க நைனாவுக்கு வண்டிதான் பெருசு" என்றான். பெண் ஒரு தடவை அப்பனைப் பார்த்தாள். அவன் டயரில் காற்று இறக்கிக்கொண்டிருந்தான். குனிந்திருந்தான். நிமிரவில்லை.

நான் அவன் வண்டியில் ஏறினேன். அவள் உட்காரவேண்டிய இடத்தில், புடவையைச் சொருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு, கிழவி நான் சொகுசாக உட்கார்ந்துகொண்டு போனேன்.

மாப்பிள்ளை முன்னால், நாங்கள் பின்னால். உச்சிக்கு முன்னே ரோடு ஓர் ஓடையில் இறங்கி ஏறும். மழைத்தண்ணீர் சரளையைக் கழுவிப் பரப்பிவிட்டிருந்தது. இறக்கத்தில் வண்டி வேகம் எடுத்ததும் பையன் பயந்து முன் பிரேக்கைப் பிடித்துவிட்டான். இவன் பின்னாலிருந்து, "மாப்ள, வுட்ருங்க! முன் பிரேக்க வுட்ருங்க!" என்று கத்தினான். முன் சக்கரம் சறுக்கி, வண்டி சரிவுப் பக்கம் சாய்ந்தது. இரண்டு பக்கமும் கால் இருந்தால் ஒரு காலை ஊன்றியிருப்பாள், வண்டியை இடுக்கிக்கொண்டாவது இருந்திருப்பாள். அவளுக்குப் பிடிமானம் ஒன்றும் இல்லை. கூடையிலிருந்து பூசணிக்காய் உருளுகிற மாதிரி போனாள். எனக்கு முதலில் கேட்டது அவள் கத்தல் இல்லை, வளையல்கள். அத்தனையும் ஒரே நேரத்தில்.

ஒரு புதர் பிடித்து நிறுத்தியது. இல்லாவிட்டால் ஓடைவரை போயிருப்பாள். தொடை எலும்பு உடைந்து கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கையெல்லாம் கண்ணாடி. அடியில் ரத்தம்.

ஆம்புலன்ஸ் மலை ஏறாது. அவனும் மாப்பிள்ளையும் காட்டில் ஒரு கம்பை ஒடித்து, தூக்கிப் போக டோலி கட்டினார்கள். துணி வேண்டும். நான் என் புடவையை அவிழ்த்துக் கொடுத்தேன். பாவாடையோடும் ரவிக்கையோடும், அவன் துண்டைப் போர்த்திக்கொண்டு, இரண்டு ஆண்பிள்ளைகளுக்குப் பின்னால் அந்த மலையை இறங்கினேன். கால் அகட்டி உட்கார்ந்தால் மானம் போய்விடும் என்றவர்கள் அடிவாரத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்கள். பாருங்களடி, நன்றாகப் பாருங்கள் என்று நேராக அவர்கள் எதிரிலேயே போய் நின்றேன்.

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரி. குழந்தையைக் காலத்துக்கு முன்பே வெளியே எடுத்தார்கள். பெண் குழந்தை. என் உள்ளங்கையில் வைத்தால் விரல்வரைதான் வந்திருக்கும். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள், குழாய் போட்டார்கள், இன்றோ நாளையோ என்று கிடந்து, எப்படியோ பிழைத்துக்கொண்டது. தாய்க்குத் தொடையில் கம்பி வைத்தார்கள். அவன் முதலில் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தான். உள்ளே வரவா என்று நர்சு அம்மாளிடம் கேட்டனுப்பினான். மகள் வேண்டாம் என்றுவிட்டாள், ஊருக்குத் திரும்பிவிட்டான்.

"அந்தப் பையன்தானேம்மா கீழ போட்டான். உங்க நைனா மேல இன்னா கோவம்?" என்று கேட்டேன். வேண்டுமென்றுதான் கேட்டேன், அவள் என்ன நினைக்கிறாள் என்று பார்க்க.

"அவருக்கு அது தெரியாத ரோடு அத்தெ. பயந்துட்டாரு. நைனாவுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். தெரிஞ்ச நைனா என்னெ ஏத்திக்கல."

ஊர் பேசியது வேறு. "அன்னிக்கே சொன்னான்." டீக்கடையில் யாராவது இதைச் சொன்னால் அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். நான் கண்ணால் பார்த்தேன். மகள் ஆஸ்பத்திரியில் கிடக்க, சரியாகச் சொன்னவன் என்கிற பேரை வாங்கி மடியில் கட்டிக்கொண்டான். அப்புறம் பொம்பளைகள் எல்லாம் மாறிவிட்டார்கள். ஒருத்திக்கும் சொல்லவேண்டியதில்லை, அடிவாரத்தில் புடவையைச் சொருகிக்கொண்டு தயாராக நின்றார்கள். சம்பந்தியம்மாளே குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு மகன் பின்னால் இரண்டு பக்கமும் கால் போட்டுக்கொண்டுதான் வந்தாள், அதுவும் தார் ரோட்டில். வம்சம் எங்கே போயிற்று என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு பிள்ளை வயிற்றோடு உருண்டால்தான் இவளுகளுக்குப் புத்தி வருமா? தூ.

குழந்தைக்கு உடம்பு தேறின பிறகு, தாயையும் பிள்ளையையும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து எங்கள் ஊருக்கு அழைத்துவர நான் போனேன். நல்ல வெயில் காலம், பாலத்தில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பஸ் வேண்டாம் என்றாள். ஆட்டோவில் அடிவாரத்துக்கு வந்து இறங்கினாள். பால் வேன் போகிற நேரம். அவன் காலி கேன்களை மாட்டிக்கொண்டிருந்தான். அங்கே ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

கம்பி வைத்த கால் பக்கவாட்டில் அகலாது. டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் காலைத் தூக்கி வண்டிக்கு அந்தப் பக்கம் போட இனி அவளால் ஆகாது. குழந்தையை என் கையில் கொடுத்தாள். தடியை ஊன்றிக்கொண்டு போய், அவன் வண்டியில் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

"போலாம்" என்றாள். நைனா என்றுகூடச் சொல்லவில்லை.

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அவன் அவள் காலைப் பார்த்தான், நின்றவர்களைப் பார்த்தான், மறுபடி அவள் காலைப் பார்த்தான். பிறகு கேன்களைக் கொக்கியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி ரோட்டோரம் வைத்தான். வண்டியைக் கிளப்பினான். ஏறி உட்காருவான் என்று நினைத்தேன். உட்காரவில்லை. அவள் கால் தொங்குகிற பக்கம் நின்றபடியே இரண்டு கைப்பிடியையும் பிடித்து, முதல் கியரில் போட்டு, கிளட்சை விட்டும் பிடித்தும் வண்டியை நடத்திக்கொண்டு போக ஆரம்பித்தான், மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி. எஞ்சின் இழுக்கிறது, அவன் பக்கத்தில் நடக்கிறான், மேலே அவள் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளம் வந்தால் இடுப்பைக் கொடுத்து முட்டு நின்றான். பாறை வந்தால் நிறுத்தி, முன்சக்கரத்தைத் திருப்பி, தூக்கிவிட்டு ஏற்றினான். முட்டியில் இரண்டு இடத்தில் கல் கிழித்தது. நான் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். ஓர் ஆட்டம் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. தொட்டிலில் வைத்த மாதிரி அந்த மலையில் அவளைக் கொண்டுபோனான்.

ஏற ஏற எனக்கு நெஞ்சு இளகவில்லை. கோபம்தான் ஏறியது. ஓடை இறக்கத்தைத் தாண்டும்போது அந்தப் புதரைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. உச்சியில் வண்டியை நிறுத்தி மூச்சு வாங்கினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டேன்.

"ஏன்டா, இவ்ளோதானா? வண்டிய வுட்டு எறங்கி நடந்தா முடிஞ்சிருக்குமா? அன்னிக்கு இத செய்யறதுக்கு உனக்கு இன்னாடா கேடு?"

சண்டைக்கு வருவான் என்று பார்த்தேன். ஆயா என்பான் என்று பார்த்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னையும் பார்க்காமல் அவளையும் பார்க்காமல் சொன்னான்.

"தோணல யக்கா."

அவ்வளவுதான். அந்த மலையில் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவனுக்கு, வண்டியை விட்டு இறங்கலாம் என்பது மட்டும் தோன்றவில்லை.

அவளுக்கும் அது கேட்டது. கேட்காமல் இருக்க அவள் என்ன தூரத்திலா இருந்தாள்? தடியை ஒரு தடவை சரிசெய்து வைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஊருக்கு இறங்குகிற பக்கம். ஏற்றத்தில் சீட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சமாளித்துவிட்டாள், செங்குத்தான இறக்கத்தில் எதையாவது கெட்டியாகப் பிடிக்கத்தான் வேண்டும். அவன் வண்டியைத் தாங்கிக்கொண்டு, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி தோளைக் கொஞ்சம் தாழ்த்தினான். அவள் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.